இணையத்தில் தேடுவதற்கும் பக்குவம் வேண்டும்

தாம்பரத்தை அடுத்த படப்பை, மணிமங்கலம், காட்டாங்குளத்தூர் பகுதிகளில் வீட்டு மனைகளுக்கு நடுவே இன்றும் நெல், கீரை, காய்கறி பயிரிட்டு வரும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். இவர்களில் அநேகரிடம் கைப்பேசி உண்டு. இலையில் ஒரு புள்ளியைக் கண்டால் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போவதற்கு முன்பே இணையத்தில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். இது வரவேற்க வேண்டிய மாற்றமே. ஆனால் கிடைத்த முதல் விடையோடு நேரே மருந்துக் கடைக்குப் போவதுதான் ஆபத்து. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு தவறான தெளிப்பு அந்தப் போகத்தின் லாபத்தையே விழுங்கிவிடும். விதை நேர்த்தியைப் போல, இணையத்தில் தேடுவதையும் ஒரு சாகுபடி நுட்பமாகக் கருதி விவசாயிகள் கற்றுக்கொள்ள வேண்டும். நாமும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வயலைப் பார்த்த பிறகு தேடுங்கள்

"நெல் மஞ்சள்" என்று மட்டும் தேடினால் விடைகள் வந்து குவியும். ஆனால் நெல் மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. முதிர்ந்த அடி இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நட்ட 2 முதல் 4 வாரங்களில் அடி இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் துத்தநாகச் சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் பரவி, பயிர் குட்டையாகி, பச்சைத் தத்துப்பூச்சியும் தென்பட்டால் அது துங்ரோ நோயாக இருக்கலாம். இலை ஓரம் அலை அலையாகக் காய்ந்தால் பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். துத்தநாகக் குறைவுக்குப் பூசணக்கொல்லி தெளித்தால் காசுதான் கரையும், பயிர் தேறாது.

ஆகவே உங்கள் கேள்வியில் பயிர், ரகம், வயது, பாதித்த பாகம், அறிகுறி ஆகிய ஐந்தும் இருக்கட்டும். "நெல் நட்ட 20 நாள் அடி இலை பழுப்புப் புள்ளி" என்று கேட்டுப் பாருங்கள், வேறுபாடு தெரியும். பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் சொர்ணவாரியும் நவரையும் உண்டு. டெல்டாவின் குறுவைக்குச் சொன்ன நாள் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. அகல உழுவதைவிட ஆழ உழுவது நல்லது என்பது தேடலுக்கும் பொருந்தும்.

பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே பூச்சிக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரே பெயரில் பல பூச்சிகள். 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளியில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி காணப்பட்டு, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. அது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்ற இனம் என அடையாளம் காணப்பட்ட பிறகே, பிற நாடுகளில் அதை அடக்கிய ஒட்டுண்ணியைப் பற்றிய அனுபவம் நமக்குக் கைகொடுத்தது. 2010இல் அசிரோபேகஸ் பப்பாயே என்ற அந்த ஒட்டுண்ணி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, பூச்சி கட்டுக்குள் வந்தது. எனவே முதல் தேடலில் அறிவியல் பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரைக் கொண்டு மறுபடி தேடுங்கள்.

யார் சொன்னது, எப்போது சொன்னது?

தேடல் பக்கத்தின் உச்சியில் "ஸ்பான்சர்டு" என்று இருந்தால் அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் விடையும் இப்போது மேலே வருகிறது. அது காட்டும் மூலப் பக்கத்தைத் திறந்து படிக்காமல் நம்ப வேண்டாம். ஒரு காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது அதில் சொல்லப்படும் மருந்துக்குச் சான்றாகாது.

பல்கலைக்கழகப் பக்கங்களில் மட்டும் தேட ஒரு வழி உண்டு. கேள்விக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் "சைட்" என்று அடித்து, அதை ஒட்டி முக்காற்புள்ளி (:) இட்டு, இடைவெளி விடாமல் டி.என்.ஏ.யு. புள்ளி ஏ.சி. புள்ளி ஐ.என். என்று சேர்த்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பக்கங்கள் மட்டும் வரும்.

தேதியையும் பாருங்கள். எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் 2011இல் தடை விதித்தது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005இலேயே தடை வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பரிந்துரைகள் இணையத்தில் தாமாக அழிந்துபோவதில்லை. ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வரும் கீரையைச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். மருந்துப் புட்டியின் சீட்டில் உங்கள் பயிரின் பெயரும் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஏக்கரா, ஹெக்டேரா?

விஞ்ஞானப் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்றால் ஏக்கருக்கு 10 கிலோதான். செங்கல்பட்டுப் பகுதியின் காணி சுமார் 132 சென்ட். அதற்கு 13 கிலோ போதும். இதைக் கவனிக்காதவர் இரண்டரை மடங்கு செலவு செய்கிறார்.

வேளாண் விஞ்ஞானிகளுக்கும் இதில் கடமை உண்டு. வெளியிடும் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, விவசாயிகள் வழங்கும் பெயர், ஏக்கர் கணக்கு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் 1800-180-1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மையத்தில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை கேட்கலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாதித்த செடியை வேரோடு எடுத்துக்கொண்டு போங்கள். இணையத்தில் பார்த்த விடையையும் அங்கே காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு மருந்து வாங்கினால் போதும்.