நாலு மணிச் சபலம்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று பெரியோர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டளையை நம்மைப் போல் சிரத்தையாக நிறைவேற்றி வருகிறவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் அதிகம் பேர் இருக்க முடியாது. காலையில் கண் விழித்தது முதல் இரவில் கண் மூடுகிற வரையில், சமையலறை அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் ஒரு சம்படத்தையே நினைத்துக் கொண்டிருக்கிறோம். அதற்குள்ளே இருப்பது ஓமப்பொடியும், காராபூந்தியும், வறுத்த வேர்க்கடலையும், பொரித்த கறிவேப்பிலையும் கலந்த மிக்ஸ்ச்சர்.

இந்தத் தியானத்துக்குக் காரணம் ஒரு டாக்டர். முன்பு ஒரு சமயம் முழங்கால் வலி என்று அவரிடம் போயிருந்தோம். அவர் முழங்காலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நம்மை எடை யந்திரத்தில் ஏற்றினார். பிறகு கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். "உங்கள் முழங்காலின் மேல் குற்றம் ஒன்றுமில்லை. அதன் மேல் பத்துக் கிலோ அதிகமாக ஏற்றி வைத்திருக்கிறீர்கள். இரத்த அழுத்தமும் வாசற்படியில் வந்து நிற்கிறது. உள்ளே அழைப்பதா, திருப்பி அனுப்புவதா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்" என்றார்.

நம் தகப்பனார் அந்த விருந்தாளியை உள்ளே அழைத்தவர். ஒரு நாள் காலையில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்று வருஷ காலம் படுக்கையில் கிடந்தார். ஆகையால் டாக்டரின் வேடிக்கைப் பேச்சைக் கேட்டு நாம் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதற் காரியமாகத் தித்திப்பை விட்டோம். இதில் யாதொரு கஷ்டமும் ஏற்படவில்லை. அல்வா வந்தது, வேண்டாம் என்றோம், போய்விட்டது. சர்க்கரையில்லாத காப்பி நாலு நாள் கஷாயமாயிருந்தது. ஐந்தாம் நாள் காப்பியாகிவிட்டது. "ஆகா! புலனடக்கம் என்பது இவ்வளவு சுலபமா?" என்று பெருமிதம் அடைந்திருந்த சமயத்தில்தான் சாயங்காலம் நாலு மணி அடித்தது. வாய் எதையோ தேடிற்று. கால் தானாகவே சமையலறைப் பக்கம் நடந்தது.

தித்திப்புக்கும் காரத்துக்கும் உள்ள பேதத்தைப் பற்றி அப்போது யோசிக்க ஆரம்பித்தோம். நம்முடைய பாஷையிலேயே இதற்கு விடை இருக்கிறது. தித்திப்பு 'தெவிட்டும்'. மூன்றாவது லட்டுவைக் கையில் எடுக்கும்போதே தொண்டை 'போதும்' என்று சொல்லிவிடுகிறது. ஆனால் "முறுக்குத் தெவிட்டிவிட்டது" என்று எந்தத் தமிழனாவது சொல்லிக் கேட்டதுண்டா? அதற்கென்று நாம் வைத்துக் கொண்டிருக்கும் சொல் 'கொறிப்பது'. அணில் செய்கிற காரியம் அது. கொறிப்பதில் கவளம் கிடையாது, கணக்குக் கிடையாது, முடிவும் கிடையாது. சம்படத்தின் அடித்தகரம் விரலில் தட்டுப்படுவது ஒன்றுதான் முடிவு.

கணக்கில்லாத காரியத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். வீட்டிலுள்ள சிறு தராசில் ஒரு பிடி மிக்ஸ்ச்சரை நிறுத்துப் பார்த்ததில் 30 கிராம் இருந்தது. எண்ணெயில் பொரித்த இம்மாதிரிப் பண்டங்களில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 500 கலோரி உண்டு. மாவிலே கிராமுக்கு 4 கலோரி என்றால் அது குடித்திருக்கும் எண்ணெயிலே 9. ஆகவே ஒரு பிடி 150 கலோரி. நாலு மணிக்கு நாம் எடுத்துக் கொண்டிருந்ததோ மூன்று பிடி. அதாவது ஏழெட்டு இட்லிக்குச் சமானம்! காலைப் பலகாரத்தின்போது நாலாவது இட்லிக்கு வெட்கப்பட்டுக் கையை மறைக்கிற நாம், சாயங்காலம் நின்றவாக்கில் எட்டு இட்லியை விழுங்கிவிட்டு, "இன்று ஒன்றும் சாப்பிடவில்லை, கொஞ்சம் கொறித்ததுதான்" என்று மனப்பூர்வமாகச் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறோம். காலையில் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க நடந்த நடை முதல் பிடியோடு சரியாகப் போயிற்று. மற்ற இரண்டு பிடியும் முழங்காலின் கணக்கில் பற்று.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். உப்பினால் கொழுப்பு ஏறுவதில்லை. உப்பில் கலோரியே கிடையாது. ஆனால் அது தண்ணீரைச் சரீரத்தில் பிடித்து நிறுத்தி வைக்கும். ஒரு நாள் அப்பளமும் ஊறுகாயும் வடாமுமாகக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மறுநாள் யந்திரத்தில் ஏறினால் முக்கால் கிலோ, ஒரு கிலோ கூடக் காட்டலாம். அது தண்ணீர், இரண்டு மூன்று நாளில் போய்விடும். இது தெரியாமல், "பத்து நாள் பட்டினி கிடந்து பிரயோஜனமில்லையே!" என்று மனம் உடைந்து, ஆறுதல் தேடி நாம் போன இடம் அதே சம்படந்தான்.

உப்புக்கு அளவு என்ன? 1918-இல் நம்முடைய குன்னூரில் பெரிபெரி வியாதியை ஆராய்வதற்காக ஒரு சிறு ஆராய்ச்சிசாலை ஏற்பட்டது. அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குகிறது. அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆகார விதிகளில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்று கண்டிருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவும் அதுவே. ஒரு சிறு தேக்கரண்டி, அவ்வளவுதான். சாம்பாரும் ரசமும் கூட்டும் மோரும் எல்லாம் அந்தக் கரண்டிக்குள் அடங்க வேண்டும். அப்புறம் மோர்மிளகாய்க்கு அதில் எங்கே இடம்?

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னோம். அவர் கதர் கட்டுகிறவர், தேசபக்தர், பெரிய சாப்பாட்டுப் பிரியரும்கூட. "வேதாரண்யத்தில் தடியடி பட்டு உப்பு அள்ளிய ஜனங்கள் நாம். நம்மைப் பார்த்தா உப்பைக் குறை என்கிறீர்?" என்று வெகுண்டார். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர் படையுடன் நடந்து சென்றது ஏழையின் உப்பின் மேல் வரி கூடாது என்பதற்காக. நண்பர் தினம் ஒரு பொட்டலம் காராச்சேவு சாப்பிட வேண்டும் என்பதற்காக அல்ல. மேலும், உப்புக்காகத் தண்டிக் கடற்கரைக்கு நடந்த காந்திஜியே அதற்கு வெகு காலம் முன்பு தென்னாப்பிரிக்காவில் உப்பை விட்டவர். சத்திய சோதனையில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கஸ்தூரிபாய் நோயுற்றிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி அவர் மன்றாடினார். அம்மையாரோ, "விடும்படி யாராவது சொன்னால் உங்களாலேயே முடியாதே!" என்று ஒரு போடு போட்டார். அந்த க்ஷணத்திலேயே, "ஒரு வருஷத்துக்கு நான் இரண்டையும் விட்டேன்" என்று காந்திஜி சொல்லிவிட்டார். அம்மையார் பதறிப் போய், தாம் விட்டுவிடுவதாகவும், அவர் விரதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் வேண்டிக் கொண்டும் அவர் இணங்கவில்லை.

அந்த வைத்தியம் சரியா, இல்லையா என்னும் விவாதத்துக்குள் நாம் புகவில்லை. நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. நோயாளியை மட்டும் விடச் சொல்லிவிட்டுத் தாம் உப்பும் புளியுமாகச் சாப்பிட்டுக் கொண்டிருக்க அவர் மனம் ஒப்பவில்லை. நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. ஒருவருக்குப் பத்தியம், மற்றவர்களுக்கு அவர் எதிரிலேயே மொறுமொறு என்ற சத்தம்!

காந்திஜியைப் பார்த்து நாமும் ஒரு வருஷ விரதம் பூண்டோம். அது ஒன்பது நாள் நிலைத்தது. பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு முக்காலியின் மேல் ஏறிச் சம்படத்தை எடுக்கும்போது அதன் மூடி தரையில் விழுந்து உருண்டது. எவர்சில்வர் மூடி உருளுகிற சத்தம் எப்படிப்பட்டது என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு முழுவதும் எழுந்து விளக்கைப் போட்டது. அன்று ஏற்பட்ட அவமானத்திலிருந்துதான் நம்முடைய உண்மையான சிகிச்சை தொடங்கிற்று.

அந்த மூடியை நாம் மாற்றவில்லை. சத்தமில்லாமல் திறக்கிற பிளாஸ்டிக் ஜாடிகளையும், உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிற கண்ணாடிப் புட்டிகளையும் அகற்றிவிட்டோம். சாப்பிட வேண்டுமானால் சின்னக் கிண்ணம் ஒன்றில் ஒரே தடவை எடுத்துக் கொண்டு, சம்படத்தை மூடி மேலே வைத்துவிட்டு, வேறு அறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஏற்பாடு. டெலிவிஷனுக்கு எதிரில் கூடாது. அங்கே கை ஒரு யந்திரம், வாய் ஒரு யந்திரம்.

பிறகு, நாலு மணிக்கு வருவது உண்மையில் என்ன என்று கவனித்தோம். பாதி நாள் அது வெறும் தாகம். இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தட்டிப் போட்டு, உப்பை விரல் நுனியால் மட்டும் தொட்டுக் காட்டிய நீர்மோர் ஒரு தம்ளர் குடித்தால் அடங்கிவிடும். மீதிப் பாதி நாள் அது நிஜமான பசி. பதினொன்றரை மணிக்கு அவசரமாக விழுங்கிய சாதம் நாலு மணிவரை நிற்குமா? அந்தப் பசிக்குச் சுண்டல் போல் ஒரு மருந்து கிடையாது. நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல் தின்கிற நாம், பத்தாம் நாள் அதைப் பரண் மேல் பொம்மைகளோடு ஏற்றிவிடுகிறோம். கொண்டைக்கடலையோ காராமணியோ ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு தானே 'போதும்' என்கிறது. கொதிக்கும்போது உப்பைப் போடாமல், தாளித்து இறக்கியபின் மேலாகத் தூவி, எலுமிச்சம் பழத்தைப் பிழிந்துவிட்டால் பாதி உப்பிலேயே நாக்கு ஏமாந்துபோகும். பொரியில் வெங்காயமும் கொத்துமல்லியும் கலந்து கொள்ளலாம்; பல்லுக்கு வேண்டிய சத்தம் அதில் இருக்கிறது. வெள்ளரிப் பிஞ்சு இன்னும் மேல். எண்ணெயில் பொரிக்காமல் அப்பளத்தைச் சுட்டுத் தின்பதாகச் சிலர் பெருமை கொள்ளுகிறார்கள். எண்ணெய் மிச்சந்தான், ஆனால் உப்பும் அப்பளக்காரமும் அதிலேயே இருக்கின்றன. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. அதில் சேர்க்கும் பொட்டாசியம் அவர்களுக்கு ஆகாமல் போகலாம்.

ஐந்து வாரம் இப்படி நடந்தது. ஆறாவது வாரம் ஒரு கல்யாண வீட்டில் மிக்ஸ்ச்சர் கொடுத்தார்கள். வாயில் போட்டால் ஒரே கரிப்பு! சமையற்காரர் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார் என்றே நினைத்தோம். பக்கத்திலிருந்தவர்கள் ரசித்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். நாக்கு என்பது பழக்கத்தின் அடிமை என்றும், சில வாரம் உப்பைக் குறைத்தால் குறைந்த உப்பே போதும் என்று அது மாறிவிடும் என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்முடைய வாயிலேயே கண்டோம்.

ஆனால் எல்லாவற்றிலும் கடினமான பரீட்சை சம்படத்தில் இல்லை. நம் தாயாரின் கையில் இருந்தது. அவருக்கு வயது எண்பத்திரண்டு. கோகுலாஷ்டமிக்கு உப்புச் சீடையும் வெல்லச் சீடையும் அவர் கையால்தான் உருட்டுவார். விரதத்தின் மும்முரத்தில் இருந்த நாம், சென்ற அஷ்டமியன்று அவர் தட்டை நீட்டியபோது, "டாக்டர் கூடாது என்றுவிட்டார், அம்மா" என்று கையை ஆட்டிவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக் கொண்டு உள்ளே போனார். தீபாவளிக்கு முறுக்கு அச்சை வெளியே எடுக்கவே இல்லை. "யாருக்காகச் செய்வது?" என்றார். தகப்பனாருக்கு மூன்று வருஷ காலம் உப்பில்லாத கஞ்சியைக் கரண்டியால் ஊட்டியவர் அவர். டாக்டர் ஏன் சொன்னார் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கையாட்டல் மனத்தில் தைத்துவிட்டது.

வெகுநாள் அதை எண்ணி வருந்தினோம். சீடையா நம்மைக் கெடுத்தது? வருஷத்துக்கு ஒரு நாள் செய்து, கிருஷ்ணனுக்குக் காட்டி, தெருவிலுள்ள பத்து வீட்டுக்கும் தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்பி, மிச்சத்தை மறுநாளே குழந்தைகள் தீர்த்துவிடுகிற சீடையால் யாருக்கும் முழங்கால் வலி வந்ததில்லை. தினந்தோறும் கடையில் தொங்குகிற பொட்டலங்கள் செவ்வாய்க்கிழமையையும் புதன்கிழமையையும் பண்டிகையாக்கிவிட்டன. குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சிக்குத் தண்டனை கொடுத்திருக்கிறோம்!

இந்த வருஷம் அஷ்டமிக்குப் பதினைந்து நாள் முன்பே தாயாரிடம் போய், "சீடை உண்டல்லவா?" என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது என்றும், அழுத்தம் வாசற்படியை விட்டுத் தெருவில் இறங்கி நிற்கிறது என்றும் தெரிவித்தோம். பழைய படிக் கணக்கைக் கைவிட்டு ஒரே ஓர் ஆழாக்கு மாவு போட்டார். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டினோம். நாம் உருட்டியவற்றில் இரண்டு எண்ணெயில் வெடித்துச் சுவரில் போய் அடித்தன. பூஜை ஆனதும், அண்டை வீடுகளுக்கு அனுப்பியது போக, தலைக்கு ஆறு வீதம் தாயாரே எண்ணி வைத்தார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை எண்ணினார்.

"ஒன்று குறைகிறதே! யார் எடுத்தது?" என்றார்.

நாம் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான விஷயத்தைக் கவனித்துக் கொண்டிருந்தோம்.