பதிவு செய்வது பாதி வேலை; பதிவை நீக்குவதே மீதி

சி மொழியில் எழுதப்பட்ட இரு மென்பொருள் பகுதிகள் செய்தி பரிமாறிக்கொள்ள எளிய வழி, கால்பேக் எனப்படும் மீளழைப்பு. பெறும் பகுதி தன் செயற்கூற்றின் முகவரியை அனுப்பும் பகுதியிடம் பதிவு செய்துவைக்கிறது. செய்தி வந்ததும் அனுப்பும் பகுதி அந்த முகவரியை அழைக்கிறது. அழைக்கப்படுவது யார் என்பதை அது அறிய வேண்டியதில்லை. இந்த எளிமையே பலரை ஏமாற்றுகிறது.

இந்தியப் பொறியியல் வகுப்புகளில் மீளழைப்பு பெரும்பாலும் கியூசார்ட் வழியாகவே அறிமுகமாகிறது. ஒப்பிடும் செயற்கூற்றை மாணவர் கொடுக்கிறார். வரிசைப்படுத்தும் வேலை முடிந்ததும் அந்த முகவரியின் பயனும் முடிந்துவிடுகிறது. செய்தி விநியோகம் அப்படியன்று. இன்று பதிவான முகவரி நாளை அழைக்கப்படலாம்; வேறோர் இழையிலிருந்தும் அழைக்கப்படலாம். அதற்குள் பெறுநரின் நினைவகம் விடுவிக்கப்பட்டிருந்தால், அழைப்பு இல்லாத வீட்டின் கதவைத் தட்டுகிறது. நிரல் உடனே நின்றால் அது நற்பேறு; நிற்காமல் பிறர் தரவைச் சிதைத்தால், பிழையின் மூலத்தைக் கண்டறிய வாரங்கள் ஆகும்.

செயற்கூற்றின் முகவரி மட்டும் போதாது, யாருக்காக அழைக்கிறோம் என்னும் சூழலும் உடன் செல்ல வேண்டும் என்பதே சி உலகம் மெதுவாகக் கற்ற பாடம். கியூசார்ட்டில் அதற்கு இடமில்லை. அக்குறையை நீக்கப் பிறந்த கியூசார்ட்_ஆர், குனு நூலகத்திலும் பிஎஸ்டி முறைமைகளிலும் வெவ்வேறு அளபுரு வரிசையுடன் வளர்ந்து, 2024ஆம் ஆண்டின் போசிக்ஸ் பதிப்பில்தான் தரமாக ஏற்கப்பட்டது. இழையை உருவாக்கும் பிதிரெட்_கிரியேட் தொடக்கம் முதலே ஒரு வாய்ட் பாயிண்டரை ஏற்கிறது. ஆயினும் அந்தப் பாயிண்டர் எதைச் சுட்டுகிறது, எதுவரை உயிரோடிருக்கும் என்பவற்றைக் கம்பைலர் சரிபார்ப்பதில்லை.

பதிவை நீக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு லினக்ஸ் கெர்னலின் டைமரே சான்று. 2025 வரை அங்கிருந்த டெல்_டைமர், காத்திருக்கும் டைமரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் மற்றொரு செயலியில் அதன் மீளழைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் காத்திருக்கவில்லை. அதேபோல் அப்போது இருந்த டெல்_டைமர்_சிங்க் காத்திருந்தது, ஆனால் மீளழைப்புக்குத் தேவையான பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை அழைத்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து முட்டுக்கட்டையில் நின்றன. நீக்கிய டைமரை வேறொரு பகுதி மீண்டும் இயக்கிவிடும் வாய்ப்பும் இருந்தது. அதை அடைக்கும் டைமர்_ஷட்டவுன்_சிங்க், 2023இல் வெளியான 6.2ஆம் பதிப்பில்தான் வந்தது. உலகின் தேர்ந்த நிரலாளர்கள் கூடிப் பேணும் கெர்னலிலேயே இத்தனை காலம் எடுத்த ஒன்றை, கல்லூரி முடித்து வரும் இளைஞர் தாமே ஊகித்துக்கொள்வார் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

செய்தி வரிசை இருக்கும்போது மீளழைப்பு எதற்கு எனக் கேட்கலாம். வரிசையில் செய்தி நகலெடுக்கப்படுகிறது. பெறுநர் தன் இழையில், தனக்கு வசதியான நேரத்தில் எடுத்துக்கொள்கிறார். அதற்கு விலையும் உண்டு: நகலுக்கான நினைவகம், தாமதம், வரிசை நிரம்பினால் என்ன செய்வது என்னும் கேள்வி. சில கிலோபைட் நினைவகமே உள்ள மைக்ரோகண்ட்ரோலரில் இவ்விலை கட்டுப்படியாகாமல் போகலாம். ஆகவே மீளழைப்பு தவறன்று. எழுதப்படாத உடன்படிக்கையே தவறு.

மீளழைப்பைப் பதிவு செய்யும் ஒவ்வொரு ஹெடர் கோப்பும் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அழைப்பு எந்த இழையில் வரும்? அப்போது எந்தப் பூட்டு பிடிக்கப்பட்டிருக்கும்? செய்தியின் நினைவகம் எதுவரை செல்லும்? பதிவு நீக்கும் செயற்கூறு திரும்பிய பின் இனி அழைப்பு வராது என்னும் உறுதி உண்டா? ஜிலிப் நூலகத்தில், சூழல் தரவுடன் அதை விடுவிக்கும் செயற்கூற்றையும் சேர்த்தே பதிவு செய்யும் வசதி உண்டு. வாழ்நாள் கேள்விக்கு அது நேர்மையான விடை.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓர் இழை செய்தி அனுப்பிக்கொண்டிருக்க, மற்றோர் இழை பதிவை நீக்கி நினைவகத்தை விடுவிக்கும் சிறு நிரலை மாணவர் எழுதி, அட்ரஸ் சானிடைசருடன் ஓட்டிப் பார்க்கட்டும். ஒரு பிற்பகல் ஆய்வகப் பயிற்சிக்கு அது போதும். அங்கே கண்ட பிழையை, பின்னாளில் வாகனத்திலோ மருத்துவக் கருவியிலோ ஓடும் நிரலில் அவர் விட்டுவைக்கமாட்டார்.