தசையின் மேல் போடப்படும் பழி

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பிட்சர் (பந்தெறிபவர்) முழங்கையைப் பிடித்தபடி ஆட்டத்தை விட்டு வெளியேறினால் போதும், உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. ஜிம்மில் எடை தூக்கித் தூக்கி உடம்பை முறுக்கேற்றிக்கொள்கிறார்கள், அதனால்தான் கை போகிறது. அந்தக் காலத்துப் பிட்சர்கள் ஓடினார்கள், எறிந்தார்கள், அவர்களுக்குக் கை இரும்பாக இருந்தது என்கிறார்கள். வர்ணனை செய்யும் முன்னாள் வீரர்கள் முதல் கேலரியில் உட்கார்ந்திருக்கும் ரசிகர்கள் வரை இதே பேச்சு. அணிகள் வேலைக்கு வைத்திருக்கும் உடல்வலுப் பயிற்சியாளர்களும் விளையாட்டு அறிவியல் வல்லுநர்களும் இந்தக் கணக்கில் குற்றவாளிகள். இந்தப் பேச்சு தவறு. அதைவிட மோசம், கேள்வி கேட்க வேண்டிய இடத்தை அது மறைத்துவிடுகிறது.

முதலில் அந்த இரும்புக் கைகளைப் பார்ப்போம். சாண்டி கோஃபாக்ஸ் 1966இல் 27 ஆட்டங்களை வென்றார். அந்த ஆண்டோடு, 30 வயதில், முழங்கை மூட்டுவாதம் தாங்காமல் ஓய்வுபெற்றார். மார்க் ஃபிட்ரிச் 1976இல் 21 வயதில் டெட்ராய்ட் அணிக்கு வந்து, 24 ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே எறிந்து முடித்தார். அடுத்த ஆண்டே தோள் போயிற்று. தோள்பட்டையில் கிழிவு இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்தது 1985இல்; அதற்குள் அவருடைய ஆட்டமே முடிந்திருந்தது. இவர்கள் பெரிய பெயர்கள் என்பதால் நமக்குத் தெரிகிறது. கை வலிக்கிறது என்று சொல்லிச் சின்ன லீக்குகளிலிருந்து ஊர் திரும்பியவர்களை யார் எண்ணி வைத்தார்கள்? 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், பிட்சர் டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். அதற்கு முன்னால், முழங்கை எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் கிழிந்த பிட்சர் அத்தோடு காணாமல் போவார். ஜானோ 1976இல் திரும்பி வந்து 1989வரை எறிந்தார். வென்ற 288 ஆட்டங்களில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வென்றவை. காயங்கள் கூடியதாகத் தெரிவதில் ஒரு பங்கு, அவை இப்போது கண்ணுக்குப் படுவதால் வருவது.

இரும்புக் கைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் நோலன் ரயன். 27 பருவங்கள், 5,714 ஸ்ட்ரைக்-அவுட்கள். ஆனால் அவர் எடைப்பயிற்சிக்காரர்! 1972இல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனபோது, அங்கிருந்த எடைப்பயிற்சி இயந்திரத்தில் தாமாகவே பயிற்சியைத் தொடங்கினார். பிட்சர்கள் எடையைத் தொடவே கூடாது என்று பயிற்சியாளர்கள் நம்பிய காலம் அது. பின்பு ஹூஸ்டன் அணியில் உடல்வலுப் பயிற்சியாளர் ஜீன் கோல்மனின் வழிகாட்டலில் அதை ஒழுங்காகச் செய்தார். 46 வயதுவரை எறிந்தார். ஸ்டீவ் கார்ல்டனும் அப்படித்தான்: பயிற்சியாளர் கஸ் ஹோஃப்லிங்கின் சொற்படி, பெரிய தொட்டி நிறைய அரிசியைக் கொட்டி, அதற்குள் முழங்கைவரை கையை விட்டு அரிசியைப் பிசைந்தும் திருகியும் முன்கையை உரமேற்றினார். 329 வெற்றிகள். எடைப்பயிற்சியைப் பழிப்பவர்கள் அழைக்கும் சாட்சிகளே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறார்கள்.

அடுத்தது, தசை கூடினால் முழங்கை கெடும் என்ற வாதம். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் விதிமீறல். பேஸ்பாலில் அந்தத் தடை இல்லை. மடங்கிய கை சாட்டைபோல விரிகிறது. தோள் சுழலும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7,000 பாகை. அதற்குச் சற்று முன், கை முழுக்கப் பின்னால் சாய்ந்திருக்கும் கணத்தில், முழங்கையின் உட்புறத்தைப் பிளக்கப் பார்க்கும் முறுக்கு விசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர். இறந்தவர்களின் கைகளை வைத்துச் செய்த சோதனைகளில் அந்த லிகமென்ட் 32 நியூட்டன் மீட்டர் அளவிலேயே அறுந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு எறிதலிலும் அது அறுந்திருக்க வேண்டுமே? அறுவதில்லை. முன்கையின் உட்புறத் தசைகள் இறுகி, அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. களைத்த தசை அப்படித் தாங்காது. பிட்சரின் முன்கையையும் தோளையும் வலுவாக்குபவர் லிகமென்ட்டுக்குக் காவல் போடுகிறார்.

நியாயமாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கால், இடுப்பு, முதுகு எல்லாம் வலுப்பெற்றால் பந்தின் வேகம் கூடும். வேகம் கூடினால் முழங்கையின் சுமையும் கூடும். லிகமென்ட் தசையைப்போல வேகமாகத் தடிக்காது. எடைப்பயிற்சியை எதிர்ப்பவர்களிடம் இருக்கும் ஒரே வலுவான வாதம் இதுதான், அதை அவர்கள் அதிகம் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது நோவா சிண்டர்கார்டின் கதை. நியூயார்க் மெட்ஸ் அணியின் சிண்டர்கார்ட் 2017 வசந்த காலப் பயிற்சிக்கு வந்தபோது 17 பவுண்டு தசை ஏற்றியிருந்தார். ஏப்ரல் 30 அன்று முதுகின் பக்கவாட்டுத் தசை கிழிந்து வெளியேறினார். எடைதான் கிழித்தது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அதற்குச் சில நாள் முன்பே அவருக்குக் கையில் வலி, ஓர் ஆட்டத்தைத் தவிர்த்தார், எம்.ஆர்.ஐ. எடுக்க மறுத்தார், பிறகு எறியப் போனார். வலியோடு இருந்த வீரரைப் பரிசோதிக்காமல் களமிறக்கியது கதையில் விடுபட்டுப்போகிறது. ஒன்றுமட்டும் சொல்வேன்: கண்ணாடிக்காகத் தசை வளர்ப்பது பிட்சருக்குத் தேவையில்லை. நல்ல பயிற்சியாளர் எவரும் அதைக் கேட்பதில்லை.

நல்ல பயிற்சியாளர்கள் கேட்பது என்ன? ஐந்து நாளைக்கு ஒருமுறை எறியும் ஒரு பிட்சரின் வாரத்தைப் பாருங்கள். எறிந்த மறுநாள் காலை, விசை அளக்கும் பலகை மேல் நின்று இரண்டு மூன்று முறை குதிக்கிறார். கால்கள் எவ்வளவு தேறியிருக்கின்றன என்பது அதில் தெரியும். படுக்கையில் குப்புறக் கிடக்கிறார். பயிற்சியாளர் உள்ளங்கையளவு கருவியை அவர் மணிக்கட்டில் வைத்துத் தோளை வெளிப்புறமாகத் தள்ளச் சொல்கிறார். போன வாரத்தைவிட எண் குறைந்திருந்தால் அன்றைய திட்டம் மாறும். கால்களுக்கான கனமான பயிற்சியெல்லாம் இந்த நாளில்தான், அடுத்த ஆட்டத்துக்குள் அலுப்பு தீர வேண்டுமே. அடுத்து வரும் நாட்களில் ஒருநாள் மிதமாக எறிந்து பார்ப்பார், இன்னொரு நாள் தோளுக்கும் தோள் எலும்பைச் சுற்றியுள்ள சிறு தசைகளுக்கும் லேசான எடை. ஆட்டத்துக்கு முந்திய நாள் அநேகமாக ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள், நள்ளிரவு விமானங்கள், கிடைத்த நேரத்தில் தூக்கம். பருவம் தொடங்கிய பிறகு இவர்கள் வேலை பெரும்பாலும் இருப்பதைக் கரையவிடாமல் காப்பது.

இனி புள்ளிவிவரம். 2005இல் காயப் பட்டியலில் பிட்சர்கள் சேர்க்கப்பட்டது 212 முறை, 2024இல் 485. இந்த ஆண்டுகளில் உடல்வலுப் பயிற்சியாளர்களும் பெருகினார்கள், உண்மை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. அதே காலத்தில் வேறு என்ன நடந்தது? 2008இல் நேர்வேகப் பந்தின் சராசரி வேகம் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2. மேஜர் லீக் பேஸ்பாலே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, வேகத்தைத் துரத்துவதையும், பந்தின் சுழலை உச்சத்துக்குக் கொண்டுபோக முயல்வதையும், ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு எறிவதையும் முன்னால் நிறுத்தியது. ஓய்வெடுக்க வேண்டிய குளிர்காலத்திலும் முழுவீச்சில் எறிவதை அது சுட்டிக்காட்டியது. இளைஞனை எந்த விலைக்கு எடுப்பது என்பதை வேகமானி முடிவு செய்கிறது. அந்த விலையை நிர்ணயிப்பது அணி நிர்வாகம். உடல்வலுப் பயிற்சியாளர் இவனுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லலாம். கொடுக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை.

பழியை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு 2018இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல வழிகாட்டி. 13 முதல் 18 வயதுவரை உள்ள 38 பிட்சர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஆறு வாரம், 2 முதல் 32 அவுன்ஸ்வரை வெவ்வேறு எடையுள்ள பந்துகளை எறிந்தது. இன்றைய வேகப் பயிற்சிக் கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் முறை இது. மற்றக் குழு வழக்கமான 5 அவுன்ஸ் பந்தை மட்டும் எறிந்தது. முதல் குழுவின் வேகம் 3.3 சதவீதம் கூடியது, அதில் 24 சதவீதத்தினர் காயமடைந்தனர். இரண்டாம் குழுவில் ஒருவருக்கும் காயமில்லை. எடைப்பயிற்சியை இரண்டு குழுக்களுமே செய்தன.