கணக்கும் காட்சியும்

வால்மீனின் உடல் சிறிது. அதனைச் சூழும் வளிமண்டலமோ மிகப் பெரிது. பனியும் தூசியும் செறிந்த அவ்வுடல், ஞாயிற்றை அணுகுங்கால் வெப்பமுற்று ஆவியை உமிழ்கின்றது. மண்ணுலகினின்று நோக்குவார்க்கு ஒளிரும் அப்படலம் தோன்றுமன்றி, உள்ளிருக்கும் உடல் தெளிவாகத் தோன்றாது. ஆதலின் அறிஞர் கணக்கின் துணையை நாடினர். 1957-ஆம் ஆண்டில் ஹேசர் என்பார், ஆவி எத்திசையிலும் ஒரு சீராகப் பரவுகின்றது எனக் கொண்டு ஒரு கணக்கு வகுத்தார். எளிய கணக்கேயாயினும் அது இன்றும் பயன்படுகின்றது. பின்னர்க் கணிப்பொறியின் துணையால் விரிந்த மாதிரிகள் எழுந்தன.

அம்மாதிரிகளை வால்மீனின் அருகிலேயே நெடுநாள் நின்று சோதிக்கும் வாய்ப்பு 2014-இல் கிட்டியது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2004-இல் ஏவிய ரோசெட்டா என்னும் விண்கலம், பத்தாண்டு வழிச்சென்று சுரியுமோவ்-கெராசிமென்கோ என்னும் வால்மீனை அடைந்தது. ஆங்கே கண்ட உடல் உருண்டை அன்று; இரு பெருங்கட்டிகள் குறுகிய கழுத்தொன்றால் இணைந்த உருவம். முதல் மாதங்களில் நீராவி கழுத்துப் பக்கத்தினின்று மிகுதியாக எழுந்தது; கரியமில வாயுவோ தென்பாதியில் மிக்கிருந்தது. வெயில் படும் இடமெல்லாம் ஒரே தன்மையில் ஆவி உமிழும் எனக் கொண்ட மாதிரி இதற்கு ஒத்துவரவில்லை. எனவே, பகுதிதோறும் வெவ்வேறு அளவு கொண்டு மாதிரிகளைத் திருத்தினர்.

கருவியின் அளவே போதும், மாதிரி எதற்கு என்று கேட்பார் உளர். விண்கலம் ஒரு பொழுதில் ஓரிடத்தேதான் நிற்கும். தன்னை வந்தடையும் வாயுவையே அதன் வாயுமானி அளக்கும். அவ்வாயு உடலின் எப்பகுதியினின்று புறப்பட்டது என்பதை மாதிரியின்றி அறிதல் அரிது.

இனி, காட்சியொடு பொருந்திய மாதிரியெல்லாம் மெய் என்று அமைவதும் தவறே; இஃது முன்னதினும் பெருந்தவறு. மாதிரியில் மாற்றத்தக்க எண்கள் பல உள. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் காட்சிக்கு இசைவித்தல் அரிதன்று. உடலுக்கு அளந்து தைத்த சட்டை அவ்வுடலுக்குப் பொருந்துவதில் வியப்பென்ன? வாயுமானியின் அளவுகளால் திருத்திய மாதிரியை, தொலைவிலிருந்து அகச்சிவப்பு ஒளியையும் நுண்ணலைகளையும் நோக்கும் பிற கருவிகளின் அளவுகளோடும் ஒப்பிடுதல் வேண்டும். அங்கும் ஒத்தால் நம்பலாம். ஒவ்வாதாயின் நாணுவதற்கில்லை, ஆராய்ச்சிக்கு உரிய இடம் அதுவே.

அவ்வால்மீனில் உயிர்வளியும் காணப்பட்டது. நூறு பங்கு நீருக்கு ஏறத்தாழ நான்கு பங்கு! இதனை எதிர்பாராத ஆராய்ச்சியாளர், கலத்தின் மாசோ என்று ஐயுற்றுச் சோதித்து, 2015-இல் வெளியிட்டனர். கணக்கில் இல்லை என்று அவர்கள் அதனைத் தள்ளிவிடவில்லை. 2016 செப்டம்பர் 30-இல் ரோசெட்டா அவ்வால்மீனின் மேலேயே இறங்கி ஓய்ந்தது. அது விட்டுச்சென்ற அளவுகளைக் கொண்டு மாதிரிகளைத் திருத்தும் பணி பின்னரும் தொடர்கின்றது.