எச்சரித்தவருக்கு வேலை மறுக்கக் கூடாது: பட்டாசுத் தொழிலாளர் உரிமை குறித்து எங்கள் நிலைப்பாடு

பட்டாசு ஆலையில் ஆபத்தைச் சுட்டிக்காட்டும் தொழிலாளியின் வேலைக்குச் சட்டம் நேரடிக் காவல் தர வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. 2012 செப்டம்பர் 5 அன்று விருதுநகர் மாவட்டம் முதலிப்பட்டியில் உள்ள ஓம் சக்தி பட்டாசு ஆலை விபத்தில் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அதே மாவட்டத்தின் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அச்சங்குளம் விபத்தை விசாரித்தது. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் ஒன்றுதான்: உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டிருப்பார், நான்கு பேருக்கான அறையில் கூடுதல் ஆட்கள் இருந்திருப்பார்கள், மரத்தடியில் வெடிமருந்து வேலை நடந்திருக்கும். மருந்து செலுத்துகிறவர்களுக்கும் திரி வைக்கிற பெண்களுக்கும் இவை முன்பே தெரியும். ஆய்வுக்கு வரும் அதிகாரி எப்போதாவது காண்பதை அவர்கள் தினமும் காண்கிறார்கள். ஆனாலும் அவர்கள் வாய் திறப்பதில்லை.

பேசும் உரிமை சட்டத்தில் இல்லாமல் இல்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், உடனடி ஆபத்து பற்றி நிர்வாகத்தையும் ஆய்வாளரையும் எச்சரிக்கும் உரிமையைத் தந்தது. புகார் தந்தவரின் அடையாளத்தை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 14-ஆம் பிரிவும் எச்சரிக்கும் உரிமையைச் சொல்கிறது. எச்சரித்தவரின் மறுநாள் வேலையைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. பழிவாங்கும் பணிநீக்கத்தைத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு முறையற்ற செயலாகக் கருதுகிறது, உண்மைதான். ஆனால் பீஸ் ரேட்டில், அதாவது செய்து முடிக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப, கூலி வாங்குபவரை நீக்க உத்தரவு எதற்கு? போர்மேன் “நாளைக்கு வர வேண்டாம்” என்றால் போதும். நான்கு பேர் இருக்கும் அறையில் புகார் தந்தது யாரென்று கண்டுபிடிப்பதும் எளிது. அங்கே ரகசியம் காக்கும் விதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது. பாலியல் தொல்லை பற்றி 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் தர நினைக்கும் பெண்ணுக்கும் வேலை போய்விடும் என்ற இதே அச்சம்தான்.

ஆகவே, புகாருக்குப் பின் ஆறு மாதத்துக்குள் வேலையோ கூலியோ குறைந்தால், அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையதாக வேண்டும். இப்படிப்பட்ட காவல் நம் சட்டத்துக்குப் புதிதல்ல. தொழில் தகராறு நிலுவையில் இருக்கும்போது தொழிலாளியை அனுமதியோ ஒப்புதலோ இல்லாமல் நீக்க முடியாது என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமே சொன்னது.

பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் தளர்ந்த தொழிலைப் பொய்ப் புகார்கள் முடக்கிவிடும் என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். நாங்கள் கேட்பது தொழிலாளியின் வேலைக்கான காவல் மட்டுமே. புகார் உண்மையா என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்வார். கூடுதல் கூலிக்காகத் தொழிலாளர்களே அவசரப்பட்டு விதியை மீறுகிறார்கள் என்பதும் ஓரளவு உண்மை. ஆனால் அந்த அவசரத்தைத் தூண்டும் கூலி முறையை வகுத்தது அவர்கள் அல்ல. அதை எதிர்த்து “மெதுவாகச் செய்வோம்” என்று சொல்லக்கூடிய சக தொழிலாளிக்குத்தான் இந்தக் காவல் முதலில் தேவை.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால் தமிழ்நாடு அரசே சட்டத் திருத்தத்துக்கு முன்வரலாம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைப் பேரவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.