வரைபடம் காணாத வீடுகள்

உயர் அழுத்த மின்தடம் அமைப்போர் காட்டைத் தவிர்க்க வேண்டும், நகரைத் தவிர்க்க வேண்டும், நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தவிர்க்க வேண்டும் என்பர். நன்று. இத்தனையும் தவிர்த்தபின் எஞ்சும் நிலம் எது? வடக்கே நெல்வயல் பரந்து, தெற்கே ரப்பரும் செம்பனையும் அடர்ந்த கெடா மாநிலத்தில் அதற்கு விடை பெரும்பாலும் தோட்டமே. "தோட்டத்தின் வழியாகத்தானே போகிறது, யாருக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்கும் அறிஞர்களும் உளர். அக்கேள்வியின் அறியாமையை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

ஜெராய் மலையடிவாரத்துக் குரூண் நகரம் நாம் அறிந்ததே. தாய்லாந்தின் குளோங் ஙே நிலையத்திலிருந்து அங்குவரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளத்திற்கு 300 கிலோவோல்ட் நேர்மின்தடம் ஒன்று 2002 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 300 மெகாவாட். 2022 ஆம் ஆண்டு முதல் லாவோஸ் நாட்டு நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியே சிங்கப்பூர் சென்றதும் இத்தொடர்பின் துணையால்தான். மூன்று எல்லைகளைக் கடந்து மின்சாரம் பயணம் போகும் காலம் இது.

இதே கெடாவில், தோட்டத்து மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் ஓடி நின்றபின் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாடம் படித்துத் தேர்ச்சி பெற்ற ஆசிரியர்கள் இன்றும் நம்மிடையே உளர். தலைக்குமேல் கம்பி செல்ல, கீழே இருள் சூழ்ந்த வாழ்வை அவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1974 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1987 இல் பிறந்த ஆணை, எந்தெந்தப் பணிகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று பட்டியலிட்டது. அதில் ஒரு தலைப்பு, 'மின்னுற்பத்தியும் மின்கடத்தலும்'. தலைப்பின்கீழ் நோக்கினால் அனல் நிலையம் உண்டு, அணை உண்டு, அணு உலையும் உண்டு. மின்தடம் மட்டும் இல்லை! தலைப்பில் வந்த பொருள் பத்தியில் வராத கட்டுரைக்கு நம் ஆசிரியர்கள் எத்தனை மதிப்பெண் தருவார்கள்? 2015 ஆம் ஆண்டின் புதிய ஆணை இக்குறையை ஓரளவு நீக்கி, சுற்றுச்சூழல் கூருணர்வுப் பகுதியில் மின்தடம் அமைப்பதைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வளர்ச்சித் திட்டங்களில் அவ்வாறு குறிக்கப்பட்ட இடமே அப்பகுதி. காடு அதில் அடங்கும். லயத்து வீடும், அதன் பின்னால் உள்ள காய்கறிப் பாத்தியும், முனியாண்டி கோயிலும், இடுகாடும் அடங்குமா? நில வரைபடத்தில் அவை யாவும் ஒரே நிறம். அந்த நிறத்தின் பெயர் 'தோட்டம்'.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 275 கிலோவோல்ட் தடத்திற்கு ஏறத்தாழ 40 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 4 ஹெக்டர். அதாவது சுமார் 10 ஏக்கர். ஏக்கருக்கு 150 பால்மரம் என்று கொண்டால் 1,500 மரங்கள் வீழும். ஒருவர் ஒரு நாளில் வெட்டும் மரம் 500 எனின், ஒவ்வொரு கிலோமீட்டரும் மூவரின் ஒருநாள் நிரையை விழுங்கிவிடுகிறது. உயர்ந்து வளரும் எம்மரத்தையும் அங்கு மீண்டும் நடவும் இயலாது. 1990 ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டம் நில உடையவர்க்கு அறிவிப்பும் சேதத்திற்கு இழப்பீடும் உண்டு என்கிறது. நிலப்பட்டா நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. நிரை இழந்தவனுக்கு எந்தப் பட்டா?

நம்மவருள் சிலர் இங்கே வேறொரு பிழை செய்கின்றனர். கம்பியின்கீழ் நின்றாலே புற்றுநோய் வரும் என்று கூக்குரலிடுகின்றனர். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002 இல் மாறுமின்சாரத்தின் தாழ் அதிர்வெண் காந்தப் புலத்தைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற ஐயப் பிரிவில் மட்டுமே வைத்தது. நிலையான புலத்தைப் பற்றி முடிவு கூறச் சான்று போதாது என்றது. குரூண் தடமோ நேர்மின்சாரம். உறுதியற்றதை உறுதி என்று முழங்கினால், உறுதியான நம் வழக்கும் சேர்ந்து தள்ளுபடியாகும்.

தாயகத்தைப் பாருங்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் தடத்தை எதிர்த்து 2018 இல் கொங்கு நாட்டு உழவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். சாலையோரமாக நிலத்தடியில் கொண்டு செல்லக் கேட்டனர். இந்தியாவின் 2006 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையிலும் மின்தடம் இல்லை. அதே புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் தடமோ, கேரளத்தில் ஒரு பகுதி நிலத்தடியிலேயே இடப்பட்டது. முடியாது என்பதற்கும் செலவாகும் என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மின்சாரம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். தொழிற்சாலை பெருகிய கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் பெயர்ந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும். தோட்டத்தில் இன்று நம்மவர் குறைந்து, வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் மிகுந்துவிட்டனர் என்பதும் உண்மையே. அவர்கள் நிரையும் நிரைதான்.

லெம்பா பூஜாங்கில், கடாரத்தின் நினைவாக நின்ற பதினொன்றாம் எண் சண்டி 2013 இல் இடிக்கப்பட்டபோது, அது தனியார் நிலம், மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்படவில்லை என்றே விடை வந்தது. பட்டியலில் இல்லாதது இடிக்கத்தக்கது என்ற அதே நியாயம் நாளை கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் வரும்.

ஆதலின் கேட்போம்: தடம் எவ்வழி செல்லினும், அளவையாளர் லயம், கோயில், இடுகாடு, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றை எண்ணிக் குறிக்கட்டும். நிரை இழப்போர்க்கு மாற்று நிரையோ ஈட்டுத்தொகையோ அறிக்கையிலேயே எழுதப்படட்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வரட்டும்; அது மாவட்ட அலுவலகத்தோடு நில்லாமல், விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலும் ஒட்டப்படட்டும். அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை என்ற சாக்கு, ஊருக்கு ஒரு தமிழாசிரியர் இருக்கும் வரை செல்லாது.