யார் போட்ட கோடு?

லேசர் யந்திரம் வந்தது, இரும்பு வேலையில் கலை செத்தது என்று ஒப்பாரி வைக்கும் அன்பர்களோடு எனக்குச் சண்டை. அந்த யந்திரத்தையே கலையென்று கொண்டாடுகிறவர்களோடு அதைவிடப் பெரிய சண்டை.

யந்திரம் என்ன செய்கிறது? கம்ப்யூட்டரில் போட்ட கோட்டின் வழியே ஒளிக்கதிரை ஓட்டித் தகட்டை உருக்குகிறது. உருகியதை வாயுவால் ஊதித் தள்ளுகிறது. கோடு கோணலென்றால் கோணலையும் வெகு நேர்த்தியாக வெட்டித் தரும். கோட்டைப் போட்டது யார் என்பதல்லவா கேள்வி? திண்டுக்கல்லில் புதிதாக எழும் வீடுகளின் வாசல் கேட்டுகளைப் பாருங்கள். அதே கிளை, அதே இலை, அதே மயில். கூப்பிடு தூரத்தில் பழநி மலையை வைத்துக்கொண்டு, எவரோ எங்கோ வரைந்த மயிலை இரவல் வாங்குகிறோம்!

ஊர்களும் இந்த வழியில்தான் போகின்றன. 2021-இல் மெரினாவில் 'நம்ம சென்னை' என்று உலோக எழுத்து நின்றது. பெயரைக் கழற்றி மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும் கலை அது.

திண்டுக்கல்லுக்கு இது அடுக்குமா? மாங்காய்ப் பூட்டை அரத்தால் ராவி ராவிச் செய்த ஊர். சாவியின் வெட்டு ஒவ்வொரு லீவரையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் உள்ளே தாழ் நகரும். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேரக்கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் மானம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் யந்திரப் பூட்டு அதற்கு வெகு முன்பே சந்தையைப் பிடித்துவிட்டது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டலாம், அடுப்பெரியுமா?

கையால் செய்தால்தான் கலை என்பாருக்கு ஒரு வார்த்தை. குஜராத்தில் 2018-இல் திறந்த 182 மீட்டர் படேல் சிலைக்கு ராம் சுதார் என்ற சிற்பி மாதிரி செய்தார். அதைக் கம்ப்யூட்டர் அளந்தெடுத்தது. மேலே போர்த்திய வெண்கலத்தைச் சீனாவில் வார்த்தார்கள். 2023-இல் டில்லி பாரத் மண்டபத்துக்குச் சுவாமிமலை ஸ்தபதிகள் 27 அடி நடராஜரை மெழுகில் பிடித்து, மண் பூசி, உலோகம் வார்த்து அனுப்பினார்கள். சீனா என்றதும் முகம் சுளித்தவர்கள் உண்டு, சுளிக்கட்டும். இரண்டு சிலைக்கும் பின்னால் உருவத்தை யோசித்த மனிதர் இருந்தார். நம் வாசல் மயிலுக்கு அப்படி ஒருவர் உண்டா?

மணிக்கூண்டு அருகிலோ பஸ் நிலையத்திலோ உலோகத்தில் ஏதாவது நிறுத்த நினைக்கும் அதிகாரிகள், தகட்டின் கனத்தையும் பெயிண்டையும் டெண்டரில் எழுதுவார்கள். வரைகிறவருக்குக் கூலி என்று ஒரு வரியும் சேர்க்கட்டும். நல்லாம்பட்டிப் பக்கம் பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, மாங்காய்ப் பூட்டின் வயிற்றை ஆள் உயரத்துக்கு வரையச் சொல்லட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரிய சாவியை இரண்டு கையாலும் திருப்பி, லீவர் எழும்புவதையும் தாழ் நகர்வதையும் பார்க்கட்டும். தகட்டை வெட்டும் வேலையை லேசர் செய்துவிட்டுப் போகிறது.